செல்லைப் பட்டினி போட்டு வைரஸை அடக்க முடியுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சளி, ஃப்ளூ, கொரோனா, ஆர்.எஸ்.வி. போன்ற மூச்சுப்பாதைத் தொற்றுகளுக்கு மருந்து தேடுகிறவர்களில் ஒரு சாரார் வைரஸைக் குறிவைப்பதில்லை. அது குடியேறும் மனிதச் செல்லின் வளர்சிதை மாற்றத்தை, அதாவது சத்தை ஆற்றலாகவும் கட்டுமானப் பொருளாகவும் மாற்றும் வேலையைக் குறிவைக்கிறார்கள். இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

வைரஸுக்கென்று சொந்தமாக வளர்சிதை மாற்றமே கிடையாதா?

கிடையாது. செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸ் எதையும் உண்பதில்லை, ஆற்றல் தயாரிப்பதில்லை. அதனிடம் இருப்பது மரபுப்பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, சில வைரஸ்களுக்கு அதற்கும் மேலே ஒரு கொழுப்புச் சவ்வு. அவ்வளவுதான். பெருகுவதற்கு வேண்டிய நியூக்ளியோடைடு (மரபுப்பொருளின் எழுத்து), அமினோ அமிலம் (புரதத்தின் செங்கல்), கொழுப்பு, ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு எல்லாமே அது புகுந்த செல்லிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

தேவையும் கொஞ்சநஞ்சமல்ல. சாதாரண சளியைத் தரும் ரைனோ வைரஸின் ஆர்.என்.ஏ.வில் சுமார் 7,200 எழுத்துகள் உண்டு. ஃப்ளூ வைரஸில் எட்டுத் துண்டுகளாகச் சுமார் 13,500. ஆர்.எஸ்.வி.யில் சுமார் 15,000. கோவிட் வைரஸில் ஏறக்குறைய 30,000. ஒவ்வொரு எழுத்தும் ஒரு நியூக்ளியோடைடு. ஒரே செல்லில் இதைச் சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் நகலெடுக்க வேண்டும். புரதமும் சவ்வும் தனிக் கணக்கு.

வைரஸ் புகுந்த பிறகு செல்லுக்குள் அப்படி என்னதான் மாறுகிறது?

மூன்று விஷயங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, சர்க்கரை. ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் செல் குளுக்கோஸை வேகவேகமாக உடைத்து லாக்டேட்டாக வெளியேற்ற ஆரம்பிக்கிறது. புற்றுநோய்ச் செல்களில் இதே போக்கை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டார். ஆற்றல் கணக்கில் பார்த்தால் இது ஊதாரித்தனம். ஆனால் குளுக்கோஸை இப்படி உடைக்கும் வழியில் கிடைக்கும் இடைப்பொருள்கள் நியூக்ளியோடைடும் கொழுப்பும் செய்யக் கச்சாப்பொருள் ஆகின்றன. பெருகத் துடிக்கும் புற்றுநோய்க்கும் வைரஸுக்கும் அதுதான் வேண்டும். ரைனோ வைரஸ் புகுந்த செல், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளுட்-1 என்ற புரதத்தைக் கூடுதலாகத் தயாரிக்கிறது என்று வியன்னா ஆய்வாளர்கள் 2018-ல் காட்டினார்கள். புற்றுநோய்க்காக பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்ட குழந்தைகளில், மூச்சுப்பாதைத் தொற்றும் இருந்தவர்களின் நுரையீரல் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சியதை 2017-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது.

இரண்டாவது, கொழுப்பு. கொரோனா வகை வைரஸ்கள் செல்லுக்குள் இரட்டைச் சவ்வுப் பைகளை உருவாக்கி, அவற்றுக்குள் மறைந்துகொண்டு தம் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கின்றன. பை செய்யக் கொழுப்பு வேண்டும். அதனால் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் என்சைம்கள் முடுக்கிவிடப்படுகின்றன, கொழுப்புத் துளிகள் செல்லில் சேர்கின்றன. மூன்றாவது, நியூக்ளியோடைடு உற்பத்தி. இது கூடுவதற்கான காரணம் மேலே உள்ள எண்களிலேயே இருக்கிறது.

எல்லா வைரஸும் எல்லாச் செல்லிலும் இதையே செய்கிறது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். வைரஸைப் பொறுத்தும், செல்லின் வகையைப் பொறுத்தும், தொற்றி எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பொறுத்தும் படம் மாறும்.

வைரஸையே நேரடியாக அடிக்கும் மருந்து இருக்கும்போது நம்ம செல்லை எதற்குச் சீண்ட வேண்டும்?

வைரஸ் உருமாறும், நம் செல் அவ்வளவு சுலபத்தில் மாறாது. இதுதான் அடிப்படை வாதம். அமன்டடின் என்ற பழைய ஃப்ளூ மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸின் எம்-2 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது, மருந்து கிட்டத்தட்ட உதவாமல் போனது. 2006-லிருந்து அதை ஃப்ளூவுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஓசெல்டமிவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்துக்கு அடங்காத எச்1என்1 ஃப்ளூ 2007-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கோவிடுக்குச் செய்த எதிர்ப்பொருள் மருந்துகளில் பெரும்பாலானவற்றை ஒமைக்ரான் செல்லாக்காசு ஆக்கியது.

இன்னொரு வாதமும் உண்டு. நேரடி மருந்து அந்தந்த வைரஸுக்குத் தனித்தனியாக வேண்டும். புதிதாக ஒன்று கிளம்பினால் மருந்து வர ஆண்டுகள் ஆகும். பல வைரஸ்களும் நம்பியிருக்கும் ஒரு செல் என்சைமைத் தடுத்தால், பெயர் தெரியாத வைரஸுக்கும் அது கைகொடுக்கக் கூடும். கூடும் என்றுதான் சொல்ல முடியும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

செல்லைப் பட்டினி போட்டால் நாமும் சேர்ந்து சாக மாட்டோமா?

இந்தத் துறையின் தலைவலியே இந்தக் கேள்விதான். முழுவதுமாக நிறுத்தினால் ஆபத்து, சந்தேகமே இல்லை. மூளை குளுக்கோஸை நம்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் ஓயாமல் புதுச் செல்களை உருவாக்குகின்றன, அவற்றுக்கு நியூக்ளியோடைடு வேண்டும்.

நம்பிக்கைக்கு இடம் தருவது தேவையில் உள்ள வித்தியாசம். ஓய்வில் இருக்கும் செல்லுக்குக் குறைந்த வரத்து போதும். இருக்கும் நியூக்ளியோடைடையே மறுசுழற்சி செய்து காலம் தள்ளும். வைரஸ் பெருகும் செல்லுக்கு அது பற்றாது. அதனால் வரத்தைப் பாதியாகக் குறைத்தால் முன்னது சமாளித்துக்கொள்ளும், பின்னது திணறும். மூச்சுப்பாதைத் தொற்று பெரும்பாலும் சில நாள் சமாச்சாரம் என்பதும் சாதகம். ஆண்டுக்கணக்கில் எடுக்க முடியாத மருந்தை ஐந்து நாள் தாங்கிவிடலாம்.

இந்த வழியில் வந்த மருந்து நிஜத்தில் ஒன்றாவது உண்டா, எல்லாம் ஆய்வுக்கட்டுரையோடு சரியா?

உண்டு, ரிபாவிரின். 1970களின் தொடக்கத்தில் அறிமுகமானது. ஐ.எம்.பி.டி.எச். என்ற மனித என்சைமைத் தடுத்து, செல்லில் குவானோசின் வகை நியூக்ளியோடைடைக் குறைக்கிறது. 1980களில் ஆர்.எஸ்.வி. தாக்கிய கைக்குழந்தைகளுக்கு அதைப் பனிப்புகை போல மூச்சில் செலுத்த அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது அந்தப் பயன்பாடு மிகவும் குறைந்துவிட்டது. பலன் சுமார்தான், வாய்வழி எடுத்தால் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரும், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. தவிர, ரிபாவிரின் வைரஸின் நகலெடுப்பையும் நேரடியாகக் குழப்புகிறது. ஆகவே இது செல்வழி மருந்தின் சுத்தமான எடுத்துக்காட்டு அல்ல.

உடலைக் குறிவைத்து வைரஸ் நோயை வெல்வது என்று பொதுவாகக் கேட்டால் நல்ல உதாரணங்கள் உண்டு. எச்.ஐ.வி.க்கு 2007-ல் வந்த மராவிராக் மனிதச் செல்லின் ஏற்பிப் புரதம் ஒன்றை மூடுகிறது. கோவிட் வந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை, அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெதசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் இவை இரண்டும் வளர்சிதை மாற்றத்தைக் குறிவைத்தவை அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கலந்து எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன, கவனம்.

அப்படியென்றால் சர்க்கரையும் மாவுச்சத்தும் நிறுத்திவிட்டால் வைரஸ் பட்டினி கிடக்கும், சரிதானே?

இல்லை. அதிகம் பேர் கேட்ட கேள்வி இது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுவே. நீங்கள் உணவை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் அறுந்துபோகாது. கல்லீரல் கையிருப்பிலிருந்து விடுவிக்கும். அது தீர்ந்தால் அமினோ அமிலம், கிளிசரால் போன்றவற்றிலிருந்து புதிதாகச் செய்யும். வைரஸ் இருக்கும் செல்லுக்குத் தேவையானது போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எலிகளில் நடந்த ஒரு சோதனை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2016-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெஜிடோவ் குழுவினர், தொற்று வந்து உணவை ஒதுக்கிய எலிகளுக்கு வலுக்கட்டாயமாக ஊட்டிப் பார்த்தார்கள். பாக்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குளுக்கோஸ் கேடாக முடிந்தது. ஃப்ளூ தொற்றிய எலிகளைக் குளுக்கோஸ் காப்பாற்றியது. குளுக்கோஸ் பயன்பாட்டைத் தடுத்தபோது ஃப்ளூ எலிகள் அதிகம் இறந்தன. நுரையீரலில் வைரஸின் அளவு இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. அழற்சியின் அடியை உடல் தாங்குவதற்கே, குறிப்பாக மூளைக்கு, அந்தக் குளுக்கோஸ் தேவைப்பட்டிருக்கிறது.

சரி, அப்படியானால் நிறையச் சர்க்கரை சாப்பிடலாமா? அதுவும் இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு குழு 2019-ல், தொற்றுக்கு முன்பே கீட்டோ உணவு (மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த உணவு) கொடுத்த எலிகள் ஃப்ளூவை நன்றாகத் தாங்கின என்று கண்டது. நுரையீரலில் டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை பெருகியதே காரணம். வைரஸுக்குச் சர்க்கரை கிடைக்காமல் போனது அல்ல. மனிதர்களில் நீண்டநாள் ரத்தச் சர்க்கரை உயர்ந்திருப்பவர்களுக்கு ஃப்ளூவும் கோவிடும் கடுமையாக வருகின்றன என்பதும் உறுதியான விஷயம். இவற்றிலிருந்து காய்ச்சல் நேரத்து உணவுமுறை எதையும் வரைய முடியாது. வரைந்து தருகிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்தியாவில் கொரோனா சமயத்தில் 2-டிஜி என்று ஒரு பொடி வந்ததே, அது இதுதானா?

இதேதான். 2-டீஆக்சி-டி-குளுக்கோஸ் என்பது அதன் முழுப்பெயர். குளுக்கோஸிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு குறைந்தால் கிடைப்பது. செல் இதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுக்கிறது. குளுக்கோஸை உடைக்கும் வரிசையின் முதல் என்சைம் இதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அடுத்த என்சைமால் இதை ஒன்றும் செய்ய முடிவதில்லை. மாட்டிக்கொண்ட சரக்கு குவிந்து, முதல் என்சைமையும் தடுக்கிறது. இன்னொரு வேலையும் செய்கிறது: வைரஸின் மேற்புரதங்கள்மீது சர்க்கரைச் சங்கிலி சரியாக ஒட்டாமல் கெடுக்கிறது.

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் ஒன்று டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இதைக் கோவிடுக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனையில் இருக்கும் மிதமான, கடுமையான நோயாளிகளுக்குத் துணை மருந்தாக 2021 மே மாதம் அவசர அனுமதி கிடைத்தது. மூன்றாம் கட்ட ஆய்வில் 220 பேர். மூன்றாம் நாளில் அறிகுறி தணிந்து கூடுதல் ஆக்சிஜன் தேவையிலிருந்து விடுபட்டவர்கள், மருந்து எடுத்தவர்களில் 42 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம் என்று அறிவித்தார்கள்.

என் கருத்து இது. 220 பேர் என்பது இப்படியொரு வித்தியாசத்தை உறுதிசெய்யப் போதாத எண்ணிக்கை. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரிந்தே நடந்த ஆய்வு, ஆக்சிஜனை எப்போது நிறுத்துவது என்பதோ மருத்துவர் எடுக்கும் முடிவு. முழு விவரம் வெளியாகும் முன்பே அனுமதி வந்ததற்கு விமர்சனமும் எழுந்தது. மேலே சொன்ன ஃப்ளூ எலிகளுக்குக் குளுக்கோஸ் பயன்பாட்டைத் தடுக்கக் கொடுக்கப்பட்டதும் இதே 2-டிஜி என்பதை நினைவில் வையுங்கள். மறுபக்கம், ரைனோ வைரஸ் தொற்றிய எலிகளில் இது வைரஸையும் நுரையீரல் அழற்சியையும் குறைத்தது. ஒரே மூலக்கூறு, வேறு வைரஸ், வேறு அளவு, எதிரெதிர் முடிவு. உடல் முழுக்கப் பாயாமல் மூக்கில் மட்டும் தங்கும்படி இதைத் தருவதுதான் எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது. அந்தத் திசையிலும் ஆய்வு நடக்கிறது.

சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் கொரோனாவுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, ஆனால் சுவாரசியமான பாதி. முதலில் ஒரு கிளைக்கதை. மெட்ஃபார்மின் நீரிழிவு மருந்தாக 1957-ல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவரால் நிலைபெற்றது. அதற்கும் முன்பே, 1949 வாக்கில், பிலிப்பைன்ஸில் யூசேபியோ கார்சியா என்பவர் இதை ஃப்ளூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அங்கே இதற்கு வைத்த பெயரே ஃப்ளூமமைன்.

கோவிட்-அவுட் என்ற அமெரிக்க ஆய்வில், உடல் எடை கூடிய, 30 முதல் 85 வயதுக்குட்பட்ட, மருத்துவமனையில் சேராத நோயாளிகளுக்குத் தொற்று உறுதியான மூன்று நாளுக்குள் மெட்ஃபார்மினோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள், மொத்தம் 14 நாள். ஆக்சிஜன் குறைவது, அவசர சிகிச்சை, மருத்துவமனை, இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் மெட்ஃபார்மின் தேறவில்லை. ஆனால் பத்து மாதம் தொடர்ந்து கவனித்ததில், நீண்டகாலக் கோவிட் என்று மருத்துவர் சொன்னவர்கள் மெட்ஃபார்மின் குழுவில் 6.3 சதவீதம், மற்றக் குழுவில் 10.4 சதவீதம். மூக்கில் வைரஸின் அளவும் குறைந்திருந்தது.

பிறகு சுமார் 3,000 பேரோடு நடந்த ஆக்டிவ்-6 ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சீக்கிரம் எழுந்து நடமாட வைக்கும் மருந்து இது இல்லை. நீண்டகாலக் கோவிடைத் தடுப்பதில் ஏதோ இருக்கலாம். ஏன் வேலை செய்கிறது என்பதும் முடிவாகவில்லை. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில், ஆற்றல் தயாரிப்பின் முதல் புரதத் தொகுதியை இது மெதுவாக்குகிறது, அதன் வழியாக எம்டார் என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைத் தணிக்கிறது. வைரஸ் புரத உற்பத்திக்கு அந்தச் சமிக்ஞை வேண்டும். பொருத்தமான விளக்கம்தான், நிரூபணம் இல்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரையும் இந்தப் பட்டியலில் உண்டா?

உண்டு. உறை கொண்ட வைரஸ் நுழையவும் வெளியேறவும் சவ்விலுள்ள கொலஸ்ட்ரால் தேவை, ஸ்டேட்டின் என்ற மாத்திரை வகை அதைக் குறைக்கும், யோசனை நியாயமானதுதான். ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுப்பவர்களைக் கவனித்த ஆய்வுகள் பலவும் நம்பிக்கை தந்தன. 2014-ல் கடும் நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களிடம் ரோசுவாஸ்டேட்டினையும் சிம்வாஸ்டேட்டினையும் தனித்தனியாகச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளும் பலன் இல்லை என்றன. 2023-ல் ரீமேப்-கேப் ஆய்வு, கவலைக்கிடமான கோவிட் நோயாளிகளில் சிம்வாஸ்டேட்டின் உதவியிருக்க 95.9 சதவீத வாய்ப்பு என்றது. பலன் உறுதி என்று சொல்ல அவர்களே முன்கூட்டி வைத்த வரம்பு 99. எல்லையில் நிற்கிறது. அதுவும் வைரஸைத் தடுத்ததாலா, அழற்சியைத் தணித்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் கதை சுருக்கமானது. வளர்ப்புச் செல்களில் கோவிட் வைரஸை நன்றாகவே அடக்கியது, செய்தித்தாள்களில் தலைப்பானது. 701 பேரிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை.

ஆய்வகத்தில் அபாரமாக வேலை செய்யும் மருந்து ஆளிடம் வந்ததும் ஏன் படுத்துவிடுகிறது?

இதற்கு டி.எச்.ஓ.டி.எச். என்ற என்சைமின் கதையைச் சொன்னால் போதும். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் இது பிரிமிடின் வகை நியூக்ளியோடைடு தயாரிப்பின் நான்காம் படி. இதைத் தடுக்கும் பிரெக்வினார், முடக்குவாதத்துக்குத் தரும் லெஃப்லுனோமைடு முதலியவை வளர்ப்புச் செல்லில் ஃப்ளூ, ஆர்.எஸ்.வி., கோவிட் எல்லாவற்றையும் அடக்கும். உடலுக்குள் வந்தால் பிசுபிசுத்துப்போகின்றன. காரணம், பிரிமிடின் செய்ய உதவும் யூரிடின் என்ற பொருள். ரத்தத்தில் அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. உற்பத்தி நின்ற செல், யூரிடினை உறிஞ்சிப் பிரிமிடின் செய்துகொள்கிறது. வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு, தெருக்குழாயை மறந்த கதை. வளர்ப்புத் தட்டில் யூரிடின் மிகக் குறைவு, அதனால்தான் அங்கே வெற்றி.

இன்னும் சில பொறிகள் உண்டு. வழக்கமான வளர்ப்பு ஊடகங்கள் சிலவற்றில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார், நம் ரத்தத்தைப் போல ஐந்து மடங்கு. மூச்சுப்பாதையின் மேற்பரப்பு நீரிலோ ரத்தத்தை விடவும் வெகு குறைவு. ஆக, அந்தத் தட்டில் அளந்த வளர்சிதை மாற்றம் நுரையீரலுடையது அல்ல. அப்புறம், அதிகம் பயன்படும் வீரோ செல்கள் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை, வைரஸ் வந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்காதவை. குளோரோக்வின் வீரோ செல்லில் கோவிட் வைரஸைத் தடுத்தது, மனித நுரையீரல் செல்லில் தடுக்கவில்லை. செல்லுக்குள் பாஸ்போலிப்பிடு என்ற சவ்வுக் கொழுப்பு தேங்கும்படி செய்யும் பல மருந்துகள் ஆய்வகத்தில் வைரஸை அடக்குவதுபோல் தோன்றுவது வெறும் அந்தத் தேக்கத்தால்தான் என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கொழுப்பு வழி மருந்துகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

செல்லைக் குறிவைத்தால் வைரஸால் தப்பவே முடியாது என்கிறார்களே?

கடினம், ஆனால் முடியும். பிரெக்வினார் இருக்கும் தட்டில் டெங்கு வைரஸைத் தொடர்ந்து வளர்த்தபோது, சில மரபு மாற்றங்களோடு தாக்குப்பிடிக்கும் வகை உருவானது. டெங்கு மூச்சுப்பாதை வைரஸ் அல்ல, இருந்தாலும் பாடம் பொது. இருக்கும் நியூக்ளியோடைடைத் திறமையாகப் பயன்படுத்தும் பிரதிக்கு அங்கே முன்னுரிமை கிடைத்துவிடும்.

நோய் எதிர்ப்புச் செல்களும் அதே சர்க்கரையில்தானே ஓடுகின்றன? அவை பாதிக்கப்படாதா?

பாதிக்கப்படும். என் பார்வையில் இந்தத் துறையின் கடினமான முடிச்சு இதுதான். வைரஸைக் கண்ட டி-செல் குறுகிய காலத்தில் பலமுறை பிரிந்து பெருக வேண்டும். அதற்கும் வேகமான குளுக்கோஸ் உடைப்பு, புது நியூக்ளியோடைடு எல்லாம் தேவை. லெஃப்லுனோமைடு முடக்குவாதத்தைத் தணிப்பதும், ரிபாவிரின் தடுக்கும் அதே என்சைமைத் தடுக்கும் மைக்கோஃபெனோலேட் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பதும் டி-செல் உள்ளிட்ட லிம்போசைட்டுகளை இப்படிப் பட்டினி போட்டுத்தான்.

எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது. குளுக்கோஸ் உடைப்பில் பிறக்கும் லாக்டேட், மாவ்ஸ் என்ற புரதத்தோடு ஒட்டி இன்டர்ஃபெரான் சமிக்ஞையை மட்டுப்படுத்துகிறது என்று 2019-ல் காட்டப்பட்டது. அதன்படி லாக்டேட்டைக் குறைத்தால் செல்லின் முதல் கட்ட எதிர்ப்பு ஓங்கும். பிரிமிடின் உற்பத்தியைத் தடுத்தாலும் இன்டர்ஃபெரான் வழி மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அதாவது ஒரே தடுப்பு தொற்றிய செல்லுக்குள் எதிர்ப்பைக் கூட்டி, டி-செல்லில் குறைக்கலாம்.

மெட்ஃபார்மின் பகுதியில் சொன்ன எம்டார் சமிக்ஞையைத் தடுக்கும் ராபாமைசின் போன்ற மருந்துகளில் இந்த இரட்டை முகம் அப்பட்டமாகத் தெரிந்தது. குறைந்த அளவில் முதியவர்களின் ஃப்ளூ தடுப்பூசி பலனைக் கூட்டின என்று 2014-ல் செய்தி. அதே நோக்கில் வந்த ஆர்.டி.பி.101 என்ற மருந்து முதியவர்களின் மூச்சுப்பாதை நோயைத் தடுக்குமா என்று பார்த்த மூன்றாம் கட்ட ஆய்வு 2019-ல் தோற்றது. பிறகு, ராபாமைசின் போன்றவை ஐஃபிட்டிம்-3 என்ற காவல் புரதத்தைச் சிதைத்து வைரஸ் செல்லுக்குள் நுழைவதைச் சுலபமாக்குகின்றன என்பதும் தெரியவந்தது.

நம்ம உடம்பே இந்த உத்தியைக் கையாளுமா?

கையாளும், மருந்துகளை விட நயமாக. இன்டர்ஃபெரான் வந்ததும் செல் வைப்பரின் என்ற என்சைமைத் தயாரிக்கிறது. அது சி.டி.பி. என்ற சாதாரண நியூக்ளியோடைடைச் சற்றே மாற்றி ஒரு போலியை உண்டாக்குகிறது. சில வைரஸ்கள் அதைத் தம் ஆர்.என்.ஏ.வில் கோத்ததும் நகலெடுப்பு அங்கேயே நிற்கிறது. 2018-ல் இது தெரிந்தபோது, வைரஸ் நிபுணர்கள் பல பத்தாண்டுகளாக வேதியியல் கூடத்தில் செய்துவந்த மருந்து வகையைச் செல்லே செய்துவந்திருக்கிறது என்பது புரிந்தது.

இன்னொன்று, கொலஸ்ட்ராலை 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ராலாக மாற்றும் என்சைம். அந்தப் பொருள் சவ்வில் கொலஸ்ட்ராலின் இருப்பைக் குலைத்து வைரஸ் நுழைவைத் தடுக்கிறது. மூன்றாவதாக, சில செல்கள் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை வேண்டுமென்றே எரித்துத் தீர்க்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை: தேவையான செல்லில், தேவையான நேரத்தில் மட்டும் நடக்கிறது. மாத்திரைக்கு அந்த இடம் தெரிவதில்லை.

எந்த நாளில் கொடுத்தால் பலன்?

பெருகுவதைத் தடுக்கும் எந்த மருந்தும் முதல் சில நாளில்தான். ஃப்ளூவிலும் கோவிடிலும் வைரஸ் அளவு அறிகுறி தொடங்கியதை ஒட்டியே உச்சம் தொட்டுவிடும். மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் அழற்சிதான் மீதி. மெட்ஃபார்மினில் தெரிந்த பலன் மருந்தைச் சீக்கிரம் தொடங்கியவர்களிடம் வந்தது என்பதையும், 2-டிஜி மருத்துவமனையில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் இந்த வழியில் இன்னும் எதில் நம்பிக்கை வைக்கலாம்?

நான் கவனிப்பது கூட்டு மருந்தை. மோல்னுபிராவிர் போன்ற கோவிட் மருந்துகள் போலி நியூக்ளியோடைடுகள்; அசலோடு போட்டி போட்டு வைரஸின் ஆர்.என்.ஏ.வில் நுழைய வேண்டும். டி.எச்.ஓ.டி.எச். தடுப்பானால் அசலைக் குறைத்துவிட்டால் போலிக்கு வாய்ப்பு கூடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கோவிட் வைரஸ் தனித்தனியாகக் கொடுப்பதை விட நன்றாக அடங்குகிறது என்று 2022-ல் செல்களிலும் விலங்குகளிலும் காட்டினார்கள். இங்கே செல் என்சைமை முழுவதுமாக நிறுத்த வேண்டியதில்லை, சற்றுக் குறைத்தாலே போதும். மேலே சொன்ன பட்டினிக் கவலை அந்த அளவுக்குத் தணிகிறது. யூரிடின் பிரச்சினைக்கு டிப்பிரிடமோல் என்ற பழைய மருந்தால் செல்லின் உறிஞ்சு வாசலை அடைக்கலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. ஆனால் போலி நியூக்ளியோடைடு மருந்துகளில் பலவும் அதே வாசலில்தான் நுழைகின்றன. எல்லாச் சளி வைரஸுக்கும் ஒரே மாத்திரை என்ற எதிர்பார்ப்பை மட்டும் ஒத்திவைக்கலாம்.

வீட்டில் மெட்ஃபார்மின் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் நானே போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இந்த மருந்து ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். காய்ச்சல், வாந்தி, நீரிழப்பு எல்லாம் சிறுநீரகத்தைத் தற்காலிகமாக அப்படிப் பலவீனப்படுத்தக் கூடியவை. நீரிழிவுக்காக ஏற்கெனவே எடுப்பவர்களுக்கே, சாப்பிட முடியாமல் வாந்தி தொடரும் நாட்களில் நிறுத்தி வைக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. உங்களுக்கு எப்போது நிறுத்த வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்பதை நன்றாக இருக்கும்போதே அவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டின் எடுப்பவர்களும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.